தை பிறக்குமுன் ஒரு தூண்டில் நாள்

மார்கழியின் கடைசி வாரங்களில் காவிரியின் கடைமடை வாய்க்கால்களைப் பார்க்கவேண்டும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கரைபுரண்டு கலங்கி ஓடிய நீர், மழை ஓய்ந்தபின் மெல்ல வடிந்து, தெளிந்து, அடிமணலைக் காட்டிக்கொண்டு ஓடும். மேட்டூர் அணை மரபுப்படி சூன் 12-இல் திறக்கப்பெற்றுச் சனவரி 28-இல் மூடப்பெறுவது. மூடிய சில வாரங்களில் இவ்வாய்க்கால்களுள் பல குட்டைகளாக முறிந்துவிடும். சித்திரையில் அவற்றின் நடுவே மிதிவண்டி ஓட்டலாம். ஆகவே வெள்ளம் வடிந்ததற்கும் வாய்க்கால் வற்றுவதற்கும் இடைப்பட்ட சில வாரங்களே தூண்டிற்காரருக்கு நல்ல காலம். மழைநாளில் வயல்களுக்குள் ஏறி முட்டையிட்டுப் பெருகிய மீன்கள், வடியும் நீரோடு இறங்கி வாய்க்காலில் வந்து சேர்ந்திருக்கும். கடலில் ஒரே இனம் கூட்டங்கூட்டமாகத் திரியும். வாய்க்காலில் அப்படியன்று. ஒரே மடுவில் ஏழெட்டு இனங்கள் ஒன்றையொன்று பொறுத்துக்கொண்டும், சில வேளை விழுங்கிக்கொண்டும் வாழ்கின்றன. தக்கை அமிழ்ந்தால் மேலே வரப்போவது கெண்டையோ கெளுத்தியோ என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

மூவரசர் திருநாள் கழிந்த சனிக்கிழமையன்று நாம் ஐவர் இப்படியொரு வாய்க்காலுக்குச் சென்றோம். மயிலாடுதுறைக்குத் தென்கிழக்கே, வீரசோழனாற்று நீரால் வாழும் ஊர்களுள் ஒன்று அது. பள்ளியில் ஒன்றாகப் படித்த நண்பர் மூவரில் ஒருவர் அவ்வூரிலேயே சம்பா பயிரிடும் விவசாயி. மற்றொருவர் குவைத்தில் வேலை பார்ப்பவர். கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்குத் தம் 11 வயது மகனோடு வந்திருந்தார். ஐந்தாமவர் எங்கள் மூவருக்கும் சிறுவயதில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த பழைய உபதேசியார். தூண்டில் பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தவர் அவரே. கடந்த தவக்காலத்தில் அவருடைய துணைவியார் ஆண்டவரில் துயில்கொண்டார். அதன்பின் அவர் கோவிலுக்கும் வீட்டுக்குமன்றி வேறெங்கும் போவதில்லை என்றும், மண்சட்டியை அடுப்பில் ஏற்றுவதே இல்லை என்றும் கேள்விப்பட்டிருந்தோம். இரண்டு முறை அழைத்தும் வர மறுத்தவரை, மூன்றாம் முறை சிறுவனை அனுப்பி அழைத்தோம். “தாத்தா, எனக்கு ஒரு மீனின் பேரும் தெரியாது” என்று அவன் சொன்னானாம். வெற்றிலைப் பெட்டியை மடியில் செருகிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

விடியற்காலையில் பனி, கதிர் வாங்கிய நெல்லின்மேல் வெண்மையாகப் படர்ந்திருந்தது. அவ்வளவு குளிரில் மீன் இரை எடுப்பதில்லை. உடல் சூடு நீரின் சூட்டையே பின்பற்றும் உயிராதலால், குளிர்ந்த நீரில் அது சோம்பிக் கிடக்கும். எனவே ஒன்பது மணிவரை மண்புழு தோண்டுவதும், மூங்கில் கழிகளில் நைலான் நரம்பு கட்டுவதுமாகப் பொழுது போயிற்று. தக்கைக்கு மயிலிறகுத் தண்டே சிறந்தது என்பது உபதேசியாரின் கொள்கை. கடையில் வாங்கிய செந்நிற பிளாஸ்டிக் தக்கையை அவர் விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

வெயில் ஏறியதும் முதலில் வந்தவை பொடிக்கெண்டைகள். வெள்ளிக்காசு போன்ற மேனியும், வாலருகே ஒரு கரும்பொட்டும் உடைய இவை, இரையைக் கொத்திக் கொத்திப் பொறுமையைச் சோதிப்பவை. சிறுவனுக்கு அவையே போதுமானவையாக இருந்தன. அடுத்து, மணல் திட்டின் ஓரமாக இட்ட தூண்டிலில் உளுவை வந்தது. மணலின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணெதிரே படுத்திருந்தாலும் தெரியாத மீன் அது. இரை அருகில் வந்தால் மட்டும் பாய்ந்து கவ்வும். பின்னர்க் கெளுத்தி. அதனைக் கையில் எடுக்கும் முறையை உபதேசியார் சிறுவனுக்குக் காட்டினார். முதுகில் ஒன்றும் பக்கங்களில் இரண்டுமாக மூன்று முட்கள். பயந்தால் அவற்றை விறைப்பாக நிறுத்திப் பூட்டிக்கொள்ளும். எதிரியின் தொண்டையில் இறங்காமல் இருக்க அதுவே வழி. பக்க முட்களுக்குப் பின்னே இரு விரல்களைக் கொடுத்துத் தூக்கினால் குத்தாது. தூக்கியதும் அது கிர்ரென்று முனகிற்று. சிறுவன் கையை இழுத்துக்கொண்டான். இரண்டாம் கெளுத்தியைத் தானே தூக்கினான்.

வேறொன்றைத் தொடவே அவனை விடவில்லை. அது தேளி. பெயருக்கேற்ப, அதன் பக்க முள்ளில் நஞ்சுண்டு. குத்தினால் கை மணிக்கணக்கில் கடுக்கும். ஆயினும் உரித்துக் குழம்பு வைத்தால் அதற்கு இணையில்லை என்பர். தேளி, விரால், குரவை, பனையேறிக்கெண்டை ஆகியவற்றிற்குச் செவுளோடு, காற்றை நேரே உட்கொள்ளும் உறுப்பும் உண்டு. வற்றும் குட்டையிலும் சேற்றிலும் அவை பிழைத்திருப்பதற்கு அதுவே காரணம். ஆறு மாதம் நீரும் ஆறு மாதம் வறட்சியுமாக இருக்கும் இந்தக் கடைமடைக்கென்றே படைக்கப்பட்டவை போலும்!

பனையேறிக்கெண்டையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அதன் புகழ் இம்மண்ணிலிருந்தே உலகெங்கும் சென்றது. தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்த காலத்தில், டால்டார்ஃப் என்னும் டேனியப் படை அதிகாரி ஒருவர் 1791-இல் குளக்கரைப் பனையொன்றின் வெடிப்பில், நீர்மட்டத்திற்கு 5 அடி உயரத்தில், மீன் ஒன்று ஏறிக்கொண்டிருக்கக் கண்டு பிடித்ததாக எழுதினார். அச்செய்தி இலண்டனில் 1797-இல் அச்சாயிற்று. மீன் மரமேறுமா என்று பிற்காலத்து அறிஞர் பலர் ஐயுற்றனர்; ஆனால் ஈரத்தரையில் செவுள்மூடியின் முட்களை ஊன்றி அது நகர்ந்து செல்லும் என்பதில் ஐயமேயில்லை. எங்கள் நண்பர் பிடித்த பனையேறி, கூடையிலிருந்து குதித்து, புல்லில் நெளிந்து நெளிந்து வாய்க்காலை நோக்கி நடந்தே போயிற்று. சிறுவன் அதன் பின்னாலேயே தவழ்ந்து சென்று, அது நீரில் விழும்வரை தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். “பிடிக்காமல் விட்டாயே” என்றார் தந்தை. “அது எப்படிப் போகிறது என்று பார்த்தேன் அப்பா” என்றான் அவன். மீனைவிட அந்தப் பார்வை பெரிது என்பது எங்கள் எண்ணம்.

அக்காலத்தில் தரங்கம்பாடியில் பணியாற்றிய லூத்தரன் போதகர் ஜான் என்பவர், இந்தக் கரையின் மீன்களைச் சேகரித்துப் பெர்லினிலிருந்த யூத மருத்துவர் ப்ளோக்கிற்கு அனுப்பிவந்தார். பனையேறி (1792), விரால், குரவை (1793), தேளி (1794) இவற்றிற்கு அறிவியலில் பெயரிட்டவர் அந்த ப்ளோக்கே. கடல்மீன் பேரினம் ஒன்றிற்கு ஜானின் பெயரையே சூட்டி நன்றி பாராட்டினார். பிரிந்த சகோதரர் ஒருவரும் யூத மருத்துவர் ஒருவரும் சேர்ந்து நம் வாய்க்கால் மீன்களை உலகறியச் செய்திருக்க, அதே மீன்களை உண்டு வளர்ந்த நாம் இவற்றைப் பற்றி என்ன எழுதிவைத்தோம் என்று கேட்கத் தோன்றுகிறது. சங்கப் புலவர்கள் ஆரலையும் வாளையையும் பாடினார்கள். அதற்குப்பின் நம் அக்கறை பெரும்பாலும் குழம்பிலேயே நின்றுவிட்டது.

பத்தரை மணியளவில், கோரைப் புதரின் ஓரத்தில் நீர்மட்டம் செம்பொடி தூவியதுபோல் சிவந்து கலைவதைக் கண்டோம். விரால் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில் திரண்டு, காற்றுக்காக மேலே வந்து வந்து அமிழ்ந்தன. அவற்றின் கீழே தாயும் தந்தையும் காவல் இருக்கும் என்பது தூண்டிற்காரர் அனைவரும் அறிந்ததே. அங்கே ஒரு தவளைக்குஞ்சைத் தூண்டிலில் மாட்டி ஆட்டினால் போதும். பசிக்காக அன்று, பிள்ளைகளைக் காக்கும் வேகத்தில் பெரிய விரால் பாய்ந்து கவ்வும். ஒன்றரைக் கிலோ மீன் உறுதி. சந்தையில் விராலுக்கு உள்ள விலையை நினைத்துக் குவைத் நண்பரின் கை தூண்டிலை நாடிற்று. உபதேசியார் அவர் கழியின் முனையைப் பிடித்துக்கொண்டார். “வேண்டாம் தம்பி. தாயும் தகப்பனும் போய்விட்டால் இத்தனையும் ஒரே நாளில் கெண்டைக்கும் கொக்குக்கும் இரை” என்றார். ஐம்பதாண்டுகளுக்கு முன் தம் தந்தை தமக்கு விதித்த கட்டுப்பாடு என்றும் சொன்னார். அன்று நாம் விராலில்லாமலே திரும்பினோம்.

வாய்க்காலின் வளைவில் ஒரு பெண்மணி இடுப்பளவு நீரில் நின்று கச்சா வலை இழுத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு அது விளையாட்டு; அவருக்கு அன்றைய அரிசி. வலையைக் கரையில் கொட்டியபோது கால்வாசிக்கு மேல் ஜிலேபிக்கெண்டை. நடுவே கருமையான, தகடு தகடாகக் கவசம் பூண்ட மீன் ஒன்று, வலைக்கண்ணில் முட்களை மாட்டிக்கொண்டு கிடந்தது. அவர் அதைப் பிரிக்க முயல, வலை ஒரு முழம் கிழிந்தது. “இதைத் தின்னவும் முடியாது, விற்கவும் முடியாது. வாரத்துக்கு ரெண்டு நாள் வலை பின்னுறதே பொழைப்பாப் போச்சு” என்று அவர் அதைக் கரையில் வீசினார். அதைக் கண்டதும் சிறுவனின் முகம் மலர்ந்தது. “இது எனக்குத் தெரியும்! குவைத்தில் எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இருக்கிறது!” என்றான். உண்மைதான். தென் அமெரிக்காவில் பிறந்து, தொட்டியின் பாசியைத் தின்னும் என்று உலகெங்கும் விற்கப்படும் மீன் அது. பெரிதாகிவிட்டதும் இரக்கப்பட்டு யாரோ ஆற்றில் விடுகிறார்கள்; அது அங்கே பெருகுகிறது. எங்கள் சிறுவனுக்கு அன்று காலைவரை பெயர் தெரிந்திருந்த மீன் அது ஒன்றே என்பதையும் குறிப்பிடவேண்டும்.

ஜிலேபிக்கெண்டையும் விருந்தாளியே. ஆப்பிரிக்காவைத் தாயகமாக உடைய அது இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது 1952-இல். ஏழைகளுக்கு மலிவான புரதம் கிடைக்கட்டும் என்னும் நல்லெண்ணமே அதற்குக் காரணம். அந்தப் பயன் கிட்டவில்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும் அதன் திறமைக்கு முன்னே, நம் கெண்டைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கலிலேயக் கடலில் வாழும் அதன் நெருங்கிய உறவினத்தைத் திருயாத்திரிகர்கள் ‘புனித இராயப்பரின் மீன்’ என்றே அழைக்கிறார்கள். வரிப்பணத்திற்கான நாணயத்தை வாயில் வைத்திருந்த மீன் அதுவே என்பது மரபு. அப்பெயருடையாரின் உறவினர் நம் வாய்க்காலில் இப்படி நடந்துகொள்வதை எண்ணி உபதேசியார் முதன்முறையாக அன்று சிரித்தார்.

நண்பகலில் புளியமரத்தடியில் கட்டுச்சோறு பிரித்தோம். பேச்சு, காணாமற்போன மீன்களைப் பற்றித் திரும்பிற்று. வாளையை உபதேசியார் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று அவருக்கே நினைவில்லை. முன்னெல்லாம் வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்திற்கு வாய்க்கால் மீனே போதுமாம். யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லையாம். (இவ்வளவு சுவையான மீனை உண்டுவிட்டுத் தவம் செய்ததாக எண்ணிக்கொள்வது எளிதாகத்தான் இருந்திருக்கும்!) 1960-களில் புதிய நெல் வகைகள் வந்தன, அவற்றோடு எண்ட்ரின் முதலிய பூச்சிமருந்துகளும் வந்தன. மருந்தடித்த மறுநாள் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்ததை அவர் பார்த்திருக்கிறார். அதே மருந்தைக் கொண்டு மீன் பிடித்தவர்களையும் பார்த்திருக்கிறார். இப்போது மின்கலத்தைத் தோளில் மாட்டி மின்சாரம் பாய்ச்சிப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். பெரிதும் சிறிதும் ஒன்றாகச் சுருண்டுவிடும்.

விவசாய நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பின்பு, “திங்கட்கிழமை நானும் அடிக்கத்தான் போகிறேன்” என்றார். தாழ்ந்த வயலில் புகையான் விழுந்துவிட்டது. தூரில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் பூச்சி அது. விட்டால் சில நாட்களில் பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்துபோகும். அறுவடைக்கு இன்னும் சில வாரங்களே. வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. “இந்த வாய்க்காலில் நீந்தக் கற்றவன் நான். எனக்குத் தெரியாதா? ஆனால் மீன் வந்து என் கடனைக் கட்டுமா?” என்று கேட்டார். அதற்கு எங்களில் ஒருவரிடமும் விடையில்லை. மாதச் சம்பளம் வாங்கும் நாம் அவருக்கு அறிவுரை கூறுவது அழகன்று என்று பேசாதிருந்தோம்.

உபதேசியார் மட்டும், “வடிமடையை எத்தனை நாள் அடைத்து வைப்பாய்?” என்று கேட்டார்.

“வயலை முன்னாலேயே வடித்துவிட்டு, தூரில் மட்டும் அடிக்கலாம் மாமா. அடித்தபின் ஒரு வாரம் அடைத்து வைக்கிறேன். மழை பெய்யாமல் இருக்கவேண்டும்.”

“பக்கத்து வயல்காரர்?”

நண்பர் கையை விரித்தார். பேச்சு அவ்வளவில் நின்றது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில், ஆண்டுதோறும் அழிந்துபோகும் உயிரினங்களை நம் பிள்ளைகள் காணவே போவதில்லை என்று வருந்தி எழுதியிருக்கிறார். படித்தபோது அது தொலைவிலுள்ள காடுகளைப் பற்றிய பேச்சாகப் பட்டது. வாளையின் பெயரைச் சிறுவன் ஒரு பழைய சொல்லைப்போல் சொல்லிப் பார்த்தபோது அப்படிப் படவில்லை.

அவன் ஒரு சிறு குறிப்பேட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தான். மாலையில் எண்ணிப் பார்த்தபோது பொடிக்கெண்டை, உளுவை, கெளுத்தி, தேளி, பனையேறி, குரவை, ஜிலேபி, ஆரால், அயிரை என 9 வகை. கடைசி இரண்டும் பிற்பகலில் கிடைத்தவை. பாம்புபோல் நீண்டு கூர்மூக்குடன் கல்லிடுக்கில் ஒளிந்திருந்த ஆராலை விவசாய நண்பர் பிடித்தார். அயிரையைத் தூண்டிலில் பிடிக்க முடியாது. விரலளவே உள்ள அது மணலுக்குள் புதைந்துகொள்ளும். உபதேசியாரும் சிறுவனும் ஒரு துண்டை இருபுறம் பிடித்து மணலோடு வாரி எடுத்தார்கள். முழங்காலளவு நீரில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “இழு, இழு, தூக்கு!” என்று அவர் கூவியது வாய்க்கால் முழுதும் கேட்டது. பல மாதங்களாக அந்தக் குரல் உயர்ந்து நாங்கள் கேட்டதில்லை.

இராயப்பரும் தோழர்களும் உயிர்த்த ஆண்டவரின் சொல்லுக்கு இணங்கி வலை வீசியபோது கிடைத்தவை 153 பெரிய மீன்கள் என்று அருளப்பர் எண்ணிக்கை தருகிறார். உலகிலுள்ள மீன் வகைகளின் மொத்த எண்ணிக்கையே 153 என அக்கால அறிஞர் கருதியதாகப் புனித எரோணிமுஸ் விளக்கம் எழுதினார். எல்லா இனத்து மாந்தரும் ஒரே வலையில் சேர்வர் என்பது அவர் கண்ட பொருள். இதை உபதேசியார் வழிநடையில் சொல்லக் கேட்ட சிறுவன், “அப்படியானால் நமக்கு இன்னும் 144 பாக்கி” என்று கணக்குப் போட்டான்.

மீனை எங்கே சமைப்பது என்ற பேச்சு எழுந்தபோது, எல்லோரும் விவசாய நண்பரின் வீட்டையே எண்ணினோம். “என் வீட்டுக்கே வாருங்கள்” என்றார் உபதேசியார். கொல்லையில் கிணற்றடிக் கல்லில் சாம்பலும் உப்பும் போட்டு, குரவையையும் கெளுத்தியையும் வழுவழுப்புப் போகத் தேய்த்தோம். அயிரைகளை மோரில் விட்டு மணலைக் கக்கவைத்தார். அடுக்களைப் பரணிலிருந்து மண்சட்டியை எடுத்தபோது அதில் தூசி படிந்திருந்தது. அதைத் தாமே கழுவினார். எங்களைத் தொட விடவில்லை. புளியை எவ்வளவு கரைப்பது என்பதில் அவருக்குத் தடுமாற்றம் ஏற்பட்டது. அடுப்பங்கரையில் நின்று, கையால் அளவைக் காட்டி, “அவள் இவ்வளவுதான் எடுப்பாள்” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். குழம்பு சற்றுப் புளிப்பாகவே அமைந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை, மிச்சமும் வைக்கவில்லை. முள்ளில்லாத மீன்துண்டையே தின்று பழகிய சிறுவனுக்கு, உளுவையின் சதையை முள்ளிலிருந்து வழித்து வழித்து அவர் ஊட்டினார்.

உண்டு முடித்தபின் சிறுவனின் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். ‘உலுவை’ என்று எழுதியிருந்ததை ‘உளுவை’ என்று திருத்தினார். ‘ஆரால்’ என்பதன் அருகே, ஆரல் என்றும் சொல்வார்கள் என்று எழுதினார். அதன்கீழ் வாளை என்று எழுதிச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டார்.

பின்னர், நாம் உண்ணுமுன்பே தனியாக எடுத்து வைத்திருந்த குழம்பை, துணைவியாரின் அந்தச் சட்டியிலேயே ஊற்றி மூடி, வலை கிழிந்த அந்தப் பெண்மணியின் வீட்டில் கொடுத்துவிட்டு வரும்படி விவசாய நண்பரிடம் நீட்டினார். நண்பர் வாசலைத் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது:

“சட்டி பத்திரம் தம்பி. காலையிலே திரும்பி வரவேண்டும். நாளைக்கும் எனக்கு அது வேண்டும்.”